மாடிப்படியில் ஐந்து நிமிடம்

ஏழாவது படியிலேயே சலூன்காரரின் கை நெஞ்சுக்குப் போகிறது. பின்னால் காய்கறிப் பையோடு ஏறிவரும் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "நின்னுக்கிட்டே மாத்திரை போடாதீங்க, உக்காருங்க." சட்டைப்பையிலிருந்து பழுப்புக் கண்ணாடிச் சீசா வருகிறது, ஒரே ஒரு மாத்திரை, நாக்குக்கு அடியில். "மெல்லக் கூடாது, முழுங்கக் கூடாது. பேசவே கூடாது." அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் மணி பார்க்கிறாள். ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சின்ன ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கீரைமேல் விழுகிறது. நாளெல்லாம் கத்தரிக்கோலோடு வாயும் ஓடுகிற மனிதர் இப்படிப் பேசாமல் இருப்பது அவளுக்குப் பயமாக இருக்கிறது. பயத்தை மறைக்க அவள் பேசுகிறாள். "ஸ்கூல் போட்டோவுக்கு முந்தின நாள் என் முடியை நானே வெட்டிக்கிட்டேன்ல..." முப்பது வருடமாக இந்த இடத்தைத் தாண்டாத கதை. "எந்தக் கத்தரிக்கோல்ல?" என்று அவர் குறுக்கே புகுந்து தொழில் பேச்சுக்குப் போய்விடுவார். இன்று கதை தாண்டுகிறது. கதையில் அவளுடைய அம்மா துடைப்பத்தோடு வீடெல்லாம் தேடுகிறாள், இவள் கட்டிலடியில் மூச்சை அடக்கிக் கிடக்கிறாள். நாலாவது நிமிடத்தில் அவர் முகம் தெளிகிறது. கை நெஞ்சை விட்டு அவள் கைமேல் வந்து விழுகிறது. "வலி விட்டுடுச்சா?" தலையசைக்கிறார். "அப்பாடா. இனிமே பேசலாம். ஆனா சட்டுனு எந்திரிக்காதீங்க, தலை சுத்தும்." மாத்திரை எப்போதோ கரைந்துவிட்டது. அவர் உதட்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, மேலே சொல் என்று கையை மட்டும் ஆட்டுகிறார்.