முழங்காலுக்குக் கீழே ஒரு பொத்தான்

“மிதி தம்பி, இன்னும் மிதி! உகாண்டா வரைக்கும் கேக்கட்டும்!”

சாலையோரம் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்த நெகேசா சிரித்தாள். சிமியு மிதித்தான். கார் முனகியதே தவிர, செம்மண் சேற்றை விட்டு அசையவில்லை.

காரை வாங்குகிறவன் உகாண்டா எல்லையில், மலாபா சாவடியருகே இரண்டு மணி வரைதான் நிற்பான். இப்போது ஒன்றேகால். குறுக்குவழி என்று இந்தப் பாதையில் இறங்கியது தப்பு.

“கொஞ்சம் தள்ளி விடுங்கக்கா.”

“நான் வந்தா சோளம் கருகிடும். கருகினதை நீ தின்னுவியா?”

அப்போது ஒரு வாடகை மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கிய வழுக்கைத் தலைக்காரர் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளை அனுப்பிவிட்டார்.

“டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைச்சியா?”

“அது என்ன சார்?”

“சக்கரம் வழுக்கினா வண்டியே பயந்து வேகத்தை அடக்கிடும். ரோட்டுல நல்லது. சேத்துல கழுத்தறுப்பு.”

சிமியு கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினான். வைப்பர் ஆடியது. ரேடியோ பாடியது.

“பாட்டும் ஆட்டமும் ஆச்சு. கல்யாணம் எப்போ?” என்றாள் நெகேசா.

“அங்க இல்லப்பா. வலது முழங்காலுக்குக் கீழே ஒரு மூடி இருக்கும். திறந்து மூணு விநாடி அமுக்கணும். இறங்கு, நான் பாத்துக்கறேன். நீ பின்னாடி போய்த் தள்ளு.”

முன்பின் தெரியாத ஆளிடம் காரைக் கொடுக்க சிமியுவுக்கு மனமில்லை. ஆனால் மணி ஒன்றரை. இறங்கினான்.

மூச்சைப் பிடித்துத் தள்ளினான். சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று, ஒரு வாளிச் சேற்றை அவன் முகத்தில் அறைந்தன. கார் துள்ளி மேடேறியது. நெகேசா கைதட்டினாள்.

கார் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய், வந்த வழியே திரும்பியது.

“சார்! நிறுத்துங்க சார்!”

“அடப்பாவி, பட்டப்பகல்ல திருடுறானே!” நெகேசா கைபேசியை எடுத்தாள். “இரு தம்பி, போலீஸைக் கூப்பிடறேன்.”

“போலீஸெல்லாம் வேணாம்க்கா!”

“ஏன்டா?”

கார் அவர்கள் பக்கம் வந்து வேகம் குறைந்தது. வழுக்கைத் தலை வெளியே நீண்டது.

“நல்லாக் கூப்பிடும்மா! எல்டோரெட்ல திங்கக்கிழமை திருடு போன என் கார் கிடைச்சிடுச்சு, திருடினவன் உன் பக்கத்துல நிக்கிறான்னு சொல்லு!”

நெகேசா திரும்பிப் பார்த்தாள். சேற்றில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. தூரத்தில் கரும்புக்காடு ஆடிக்கொண்டிருந்தது.