சாக்ஸ் மாட்டிய பாட்டில்

அனீபல் ஐயா ஏமாற்றுகிறார். இல்டா அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

போர்ச்சுகலின் கொய்ம்ப்ரா நகரில் அந்தத் தெருவுக்கு அவள் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று தெருக்காரர்களுக்கு எர்மீனியா அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்து வர வேண்டும். அதற்குப் பொருத்தமாக ஒரு பாட்டில் ஒயினும் வர வேண்டும். விலை நான்கு யூரோவைத் தாண்டக் கூடாது. லேபிள் தெரியாமலிருக்கப் பாட்டிலுக்கு ஒரு சாக்ஸை மாட்டிவிட வேண்டும். துவைத்த சாக்ஸாக இருக்க வேண்டும் என்பது பிற்பாடு சேர்த்த விதி. அதற்குக் காரணம் பஸ் ஓட்டும் லியோனெல்.

எந்த ஒயின் எந்தச் சமையலுக்குப் பொருந்தியது என்று தீர்ப்புச் சொல்பவர் அனீபல் ஐயா. ஒயின் கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பது வருஷம் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, எந்த ஊர், எந்தத் திராட்சை என்று புட்டுப் புட்டு வைப்பார். கடைசி இடம் வந்தவர் அத்தனை பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

மூன்று மாதமாகக் கழுவுவது இல்டாதான். மற்றவர்கள் பாட்டிலுக்கு ஐயா பிரசங்கமே செய்வார். அவள் பாட்டிலுக்கு மட்டும் "பரவாயில்லை" என்பதோடு சரி.

போன மாதம்தான் அவள் கவனித்தாள். பாட்டில் கைக்கு வந்ததும் ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெல்லத் திருப்பினார். எல்லார் வீட்டு சாக்ஸிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் லேபிள் தெரிந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மனுஷர் குடித்தார். இல்டாவின் சாக்ஸ் மட்டும் புத்தம் புதுசு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா மூன்று மாதம் கை ஊறக் கழுவினோம்?

இந்த மாதம் ஓர் அலெந்தேஜு ஒயின் பாட்டிலைக் காலி செய்தாள். மாமியார் கொடுத்தனுப்பியிருந்த வீட்டு ஒயினை அதில் ஊற்றினாள். கஷ்கொட்டை சுட்டுத் தின்னும்போது ஒரு வாய் குடிக்கிற ஒயின் அது. சர்க்கரைப் பாகு தோற்றுப்போகும். பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டி, ஓட்டை சரியாக ஊர்ப் பெயர்மேல் வரும்படி இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மண்சட்டியில் வேகவைத்த ஆட்டுக்கறி தட்டுகளில் விழுந்தது. பாட்டில் ஐயாவிடம் போனது. திருப்பினார். குடித்தார். கண்ணை மூடினார்.

"அலெந்தேஜு. நல்லா வெயில் வாங்கின திராட்சை. இனிப்பு துளி கிடையாது, அருமையான துவர்ப்பு. இந்த ஆட்டுக்கறிக்குன்னே பொறந்த ஒயின்."

மாட்டினார் மனுஷர். இல்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றவர்கள் குடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

லியோனெல் ஒரு மடக்குக் குடித்தான். முகம் கோணியது. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "துவர்ப்புதான், நல்ல துவர்ப்பு" என்றான். தபால் ஆபீஸ் ஒத்தீலியா உதட்டைத் துடைத்துக்கொண்டு, கறிக்கு எடுப்பாக இருப்பதாகச் சொன்னாள். எர்மீனியா அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், இந்த மாதம் முதலிடம் இல்டாவுக்குத்தான் என்று அறிவித்தாள்.

இல்டாவுக்குத் தலை சுற்றியது. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பாகைக்கூடத் துவர்ப்பு என்பார்களா? இப்படியும் ஒரு ஜால்ராக் கூட்டமா? உண்மையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் அவள் காலை நச்சென்று மிதித்தது.

"ரொட்டி வெட்டணும். வா இல்டா."

அடுப்படிக்குள் நுழைந்ததும் இல்டா பொரிந்தாள். "அக்கா, அவர் ஓட்டை வழியா லேபிளைப் படிச்சுட்டுச் சொல்றார். உங்க எல்லாரையும் ஏமாத்தறார்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்னே? இத்தனை வீட்டு சாக்ஸும் லேபிள் இருக்கிற இடமா பார்த்துக் கிழியுமா? புது சாக்ஸை வெட்டினதுக்கு லியோனெல் பொண்டாட்டிகிட்ட வாங்கின திட்டு இந்தத் தெருவுக்கே கேட்டுது."

அக்கா ரொட்டியை வெட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஐயாவுக்கு ஒரு காய்ச்சல் வந்துது. அதுக்கப்புறம் ஒருநாள் மீன் குழம்புல உப்புன்னு நினைச்சு சர்க்கரையைப் போட்டுட்டேன். எங்க யாராலயும் வாயில வைக்க முடியல. அவர் மட்டும் பிரமாதம்னு சொல்லி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்னிக்குப் புரிஞ்சுது, வாசனை, ருசி ரெண்டும் போயிடுச்சுன்னு. யார்கிட்டயும் மூச்சு விடல அவர். நாக்கை வச்சே வாழ்ந்த மனுஷன். நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா மறுபடி இந்தப் படியேற மாட்டார். உன்கிட்ட சொல்லாம விட்டது எங்க தப்புதான்."

இல்டாவுக்கு வெட்கமாக இருந்தது. ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாக்ஸைக் கழற்றும் நேரம். அனீபல் ஐயா அவள் பாட்டிலை நீட்டினார். சுற்றியிருந்த முகங்களில் எதையோ கண்டுவிட்டவர்போல அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"நீயே கழட்டும்மா. நான் சொன்னது சரிதானே?"

இல்டா சாக்ஸை உருவினாள். தன் கிளாஸில் விளிம்புவரை ஊற்றி, ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அலெந்தேஜுதான் ஐயா. உங்க நாக்கை யாரால ஏமாத்த முடியும்?"