ஜாடிச் செடிக்குப் போர்த்திய சருகு

குளிர் பொல்லாத ஒரு மலையூரில், ஒரு தோட்டத்து ஓரமாக ஜாடிச் செடி ஒன்று இருந்தது. அதன் இலையெல்லாம் நீளநீளமான ஜாடிகள். விளிம்பில் தேனைத் தடவிவைத்து, "வாங்க, வாங்க" என்று ஈக்களைக் கூப்பிட்டு, உள்ளே வழுக்கிவிழ வைத்துச் சாப்பிடுவதுதான் அதன் பிழைப்பு.

பனிக்காலம் நெருங்கியதும் தோட்டக்காரி கூடை நிறைய பைன் சருகோடு வந்து, செடியை மெத்தென்று மூடினாள். குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாதென்று, பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனாள்.

செடிக்கு இது சரியாகப் படவில்லை. சருகுக்குள் ஒண்டவந்த தவளையிடம் கிசுகிசுத்தது:

"காரியம் இல்லாமல் யாராவது இவ்வளவு இதமாக நடந்துகொள்வார்களா? இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாததா?"

"குளிருக்குப் போர்த்தியிருக்கிறாள், அக்கா. பேசாமல் தூங்குங்கள்."

"நீ தூங்குடா. அவளை நான் கண்காணிக்க வேண்டும்."

தன் ஜாடிகளிலேயே அழகான ஒன்றைச் சருகுக்கு வெளியே நீட்டிவைத்துக்கொண்டது செடி. பனி கொட்டியது. அந்த ஜாடி விறைத்து, கருகி, கரிக்கட்டையாகிப்போனது.

வெயில் திரும்பியதும் தோட்டக்காரி வந்து சருகை அள்ளினாள். உள்ளே இருந்ததெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. கருகி நின்ற ஒன்றைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். கத்தரிக்கோலை எடுத்து அதை நறுக்கி எறிந்துவிட்டு, மழைத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

செடி அவசரமாகத் தவளையை எழுப்பியது.

"பார்த்தாயாடா கத்தரிக்கோலை? நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? அடுத்த பனிக்கு இரண்டு ஜாடியைக் காவலுக்கு வைக்கப்போகிறேன்!"