மேலே போன முதலாளி

ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு சங்கிலிகள் வாங்கியிருந்தார்கள். தரமான சங்கிலி பக்கத்து அலமாரியில் உறங்கும். சோதனை அதிகாரி வருகிற அன்று மட்டும் வண்டியில் ஏறும். அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் மறுபடியும் மலிவுச் சங்கிலியை மாட்டிவிடுவார்கள்.

“அண்ணே, என் கண்ணியெல்லாம் விரியுது,” என்று மலிவுச் சங்கிலி ஒருநாள் புலம்பியது. “நான் அறுந்தா டிரைவர் மாசிலாமணி தலையிலதான் சரக்கு விழும்.”

“நான் என்னடா செய்ய? அதிகாரிக்குக் காட்டுற மாப்பிள்ளை நான்,” என்றது தரமான சங்கிலி.

ஆயுத பூசை வந்தது. கிடங்கின் உச்சியில் இருக்கும் பெயர்ப்பலகைக்குத் தன் கையாலேயே மாலை போட முதலாளி ஆசைப்பட்டார். வண்டியின் மரத்தட்டில் ஏறப் போனவர் காலைப் பின்னுக்கு இழுத்தார்.

“எந்தச் சங்கிலிடா போட்டிருக்கு?”

“தினமும் எங்களுக்குப் போடுறதுதாங்க,” என்றான் மாசிலாமணி.

“அதைக் கழற்று! நல்லதை மாட்டு!”

மாட்டினார்கள். முதலாளி உயர்ந்தார், மாலை போட்டார், கும்பிட்டார். “ம், இறக்கு. இறக்கினதும் சங்கிலியை அலமாரியில வச்சுடு.”

மாசிலாமணி லீவரைத் தள்ளினான். சங்கிலி அசையவில்லை.

“டேய், அறுந்துடப் போகுது!” என்று அலறினார் முதலாளி.

“பயப்படாதீங்க, அறுந்து போகமாட்டேன். நீங்களே கேட்டு வாங்கின சரக்கு,” என்றது சங்கிலி. “அந்த அலமாரி விஷயத்தை மட்டும் இங்கேயே பேசி முடிச்சுட்டு இறங்கலாம்.”

தரையில் கிடந்த மலிவுச் சங்கிலி சொன்னது: “அண்ணே, அவசரமே இல்ல. நிதானமாப் பேசுங்க.”