எஃப்.சி. பெயிண்ட்

நாமக்கல் பட்டறையின் தகரக் கூரையில் மதிய வெயில் கொதிக்கிறது. நாளை எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போகிற கிழட்டு லாரியின் அடிச்சட்டத்தில் துரு பொருக்குப் பொருக்காகத் தொங்குகிறது. அப்பா அதைச் சுரண்டக்கூட இல்லை. மேலேயே கறுப்பை இழுக்கிறார். பளபளக்கிறது. பார்க்கிற இன்ஸ்பெக்டருக்கு அது போதும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் மோகன்குமார் கடற்படைக்காரன். நீர்மூழ்கிகளைத் தேடி அடிக்கும் சின்ன ரோந்துக் கப்பலில் வேலை. அவனைவிடக் கப்பலுக்குப் பத்து வயது அதிகம். விடுப்பு முடிந்து நாளை போய் ஏற வேண்டும். “பெரிய ஆபீசர் வந்தா எங்க கப்பல்லயும் இதே வேலைதானுங்கப்பா. துரு மேலயே அடிப்போம்” என்கிறான். கடலுக்கடியில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற கப்பலாம். தன் அடிவயிற்றில் இருப்பதைப் பெயிண்ட் பூசி ஒளிக்கிறது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “அட, கவருமெண்ட்டுக்கே நம்ம பார்முலாவா!” பிரஷ்ஷை ஆட்டிப் பாடம் வேறு எடுக்கிறார். “ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு குடுத்துட்டு மேல அடி சாமி. ஒருத்தனுக்கும் தெரியாது.” பெற்ற மகன் ஏறுகிற கப்பலுக்கு யோசனை சொல்கிறோம் என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் ஈரக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாதுங்கப்பா. எனக்குக் கீழ் டெக்குல டூட்டி. அங்க தண்ணி உள்ள வந்துட்டேதானுங்க இருக்குது.”