தபால்பெட்டியில் ஐந்து பெயர்

“இந்தக் குட்டிப் பெட்டிக்குள்ள அஞ்சு பேரும் எப்படிம்மா படுப்பாங்க?”

அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த முதல் நாளே, மாடிப்படியின் கீழே வரிசையாக இருந்த தபால்பெட்டிகளைப் பார்த்து ஹென்னிங் கேட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அவன் அம்மா வீப்கேவுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்வீட்டு லூடர்ஸின் பெட்டியில் மட்டும், அவர் பெயருக்கு அடியில் ஐந்து வெளிநாட்டுப் பெயர்கள் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தன.

பிரேமன் நகரத்தில் பெட்டியில் பெயர் இல்லாதவருக்குத் தபால் கிடையாது; தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். பதிவான முகவரி இல்லாத வெளிநாட்டுக்காரருக்கு விசாவும் கிடையாது. அதனால் அறை எதுவும் கொடுக்காமல், வெறும் கையெழுத்தையும் பெட்டியில் ஓர் இடத்தையும் விற்றுப் பிழைக்கிறவர்கள் உண்டு. ஒன்றரை வருடத்தில் அந்த ஐந்து பேரில் ஒருவரைக்கூட வீப்கே கண்ணால் கண்டதில்லை. லூடர்ஸைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

இப்போது ஒரு முகவரிக்காக அவளே அலைந்துகொண்டிருந்தாள். ஒசாகாவிலிருந்து ஒரு பாடகர் குழுவோடு வந்து, வீப்கேயின் தேவாலயத்தில் பாடி, அப்படியே தோழியாகிப் போனவள் மிசுஹோ. ஒரு வருடம் இங்கே வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றும் விசாவுக்காக வந்து, சமையலறை சோபாவில் படுத்திருந்தாள். அவளை வீப்கேயின் முகவரியில் பதிய வீட்டு நிர்வாகம் ஒப்பவில்லை. பன்னிரண்டு நாளுக்குள் வேறு முகவரி கிடைக்காவிட்டால் அவள் விமானம் ஏற வேண்டியதுதான்.

இருவரும் ஒன்பது அறை பார்த்தார்கள். ஒன்றில் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஒன்றில் மெத்தை மேல் யாரோ தின்று துப்பிய மீன் முள். ஒருவன் வாடகையைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லி மிசுஹோவை மேலும் கீழும் பார்த்தான். இன்னொருவன் அறையே இல்லை, கையெழுத்துக்கு மட்டும் விலை சொல்லவா என்றான். எதையும் தொடாமலே, படியிறங்கும்போதெல்லாம் வீப்கே கையைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழன் மாலை, கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த பசையை நோண்டியபடி அவள் உட்கார்ந்திருந்தபோது மிசுஹோ ஓடிவந்தாள். அறை கிடைத்துவிட்டதாம். இதே கட்டடத்தில், கீழே. குப்பை கொட்டப் போன இடத்தில் கீழ்வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தாராம்.

“போயும் போயும் அந்த லூடர்ஸா?”

“பார்த்தா நல்லவர் மாதிரிதான் தெரியுது.”

“உன் பேரை ஆறாவதா ஒட்டிக் காசு பாக்கப் போறான். வா, நானே கேக்கறேன்.”

லூடர்ஸின் வாசலில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்தான் கிடந்தது. பார், ஐந்து பேர் இருக்கிற வீடா இது என்று வீப்கே கண்ணாலேயே மிசுஹோவுக்குக் காட்டினாள். கதவு திறந்ததும் முட்டைக்கோஸ் அவிந்த நாற்றம். மஞ்சளேறிய பனியனும் நாலு நாள் தாடியுமாக நின்றவரை ஏறிட்டுப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அவர் காட்டிய அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, துவைத்து மடித்த போர்வை.

“அஞ்சு பேர் இருக்கற வீட்ல காலி அறை எப்படி வந்துச்சு?” என்றாள் வீப்கே.

லூடர்ஸ் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே உறைகள், தபால்தலைகள், சியோல், சாந்தியாகோ என்று கையால் எழுதிய முகவரிகள்.

“அவங்கல்லாம் ஊருக்குப் போயி வருஷமாச்சும்மா. காகிதம் மட்டும் இன்னும் வந்துட்டிருக்கு.”

ஒவ்வொருவரும் அந்த அறையில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனவர்கள் என்றார். வரி அலுவலகமும் ஓய்வூதிய அலுவலகமும் ஆள் போன பிறகுதான் கடிதம் போடவே ஆரம்பிக்கும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் அதெல்லாம் திரும்பிப் போய்விடும். அதனால் பெயர்களை அப்படியே விட்டுவைத்து, வருவதையெல்லாம் சனிக்கிழமைதோறும் தானே அனுப்பிவைக்கிறாராம்.

“யாரோ ஒரு புண்ணியவான் அப்பப்ப சுரண்டிட்டுப் போறான். இன்னிக்குக் காலைலகூட ரெண்டு பேரோட ஒட்டுத்தாளைப் பிச்சிட்டான். போன வருஷம், இங்க இருந்துட்டுப் போன மத்தியாஸோட வேலைச் சான்று இப்படித்தான் திரும்பிப் போச்சு. நான் எழுதிக் கேட்டு மறுபடி வாங்கறதுக்குள்ள அங்க சிலியில அவன் வேலை வேற ஒருத்தனுக்குப் போயிடுச்சு.”

“சீ, என்ன ஜென்மமோ,” என்றாள் மிசுஹோ.

வீப்கே கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். லூடர்ஸ் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, மிசுஹோவின் முகவரிப் பதிவுப் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

விசா வேலை அடுத்த வாரமே முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினோரு வருடத்தில் முதல்முறையாக வீப்கே தேவாலயத்தில் பாடப் போகவில்லை. அவள் இடத்தில் மிசுஹோ பாடப் போயிருந்தாள். ஹென்னிங்கும் கூடவே போயிருந்தான். லூடர்ஸ் இன்னும் திரைச்சீலையைத் திறக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தபோது கீழே ஒருவரும் இல்லை.

கடையில் சொல்லிச் செய்து வாங்கிய பித்தளைத் தகட்டை வீப்கே அந்தப் பெட்டியின் மேல் பொருத்தி, நாலு மூலையிலும் திருகாணியை முடுக்கினாள். லூடர்ஸ் பெயருக்கு அடியில் அதே ஐந்து பெயர்கள், ஆறாவதாக மிசுஹோ. எல்லாம் ஆழமாக வெட்டிய எழுத்து.

கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு தரம் கீறிப் பார்த்தாள். நகம்தான் வழுக்கியது.

“இனிமே நானே நெனச்சாலும் சுரண்ட முடியாது,” என்றாள்.