டீசல் இறங்கிய மாலை

திரேஸ்புரம் கரையில் வெயில் சாய்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஜெரால்டு டீசல் கேன்களைப் படகில் ஏற்றுகிறான். டீசல் விற்ற விலைக்கு, பிடித்த மீன் எரிபொருள் செலவுக்கே போதாமல், வாரக்கணக்காகக் கரையில் கிடந்த படகு. நேற்று விலை இறங்கியதுமே வலையை உதறி எடுத்துவிட்டான். அவனுடைய மனைவி ஷெர்லின் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறாள். கணுக்காலை அலை நனைக்க, போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சம்பளத்தில் மிச்சம்பிடித்து அவள் வாங்கிய பங்குகளெல்லாம் கச்சா எண்ணெய் எடுக்கும் கம்பெனியுடையவை. திரை முழுக்கச் சிவப்பு.

“ஏளா, மூஞ்சி ஏன் தொங்குது?” என்கிறான் ஜெரால்டு.

“எண்ணெ வெல விழுந்துச்சுல்லா, நம்ம ஷேரும் விழுந்துட்டு.”

“அப்ப டீசல் ஏறணும்னு மாதாட்ட வேண்டப் போறியா?”

அவளுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. “வாயக் கழுவுங்க! பேங்குலயும் வட்டியக் கொறச்சிருக்கான். இஞ்சின் லோனுக்கு இனி மாசத் தவணை கொறயும். ஷேரு அதுபாட்டுக்குக் கெடக்கட்டும், மெதுவா ஏறும்.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சுடிதார் நனைவதைப் பாராமல் தண்ணீருக்குள் இறங்கிப் படகின் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளுகிறாள். ஜெரால்டு படகில் ஏறி முடுக்க, இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. கறுத்த புகை அவள் முகத்தில் அடிக்கிறது. அவள் விலகவில்லை. எத்தனையோ நாள் கழித்துக் கேட்கும் அந்தச் சத்தம் மற்றப் படகுகளின் சத்தத்தோடு கலந்து மறையும்வரை அங்கேயே நிற்கிறாள்.